மறு: 'ஃபைண்டிங் எய்ட்' – தமிழில் என்ன சொல்லலாம்?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ஓர் ஆவணத் தொகுப்பில் என்னென்ன இருக்கிறது, எப்படி அடுக்கியிருக்கிறது என்று நூலகர் எழுதிவைக்கும் விவரிப்புதான் ஃபைண்டிங் எய்ட். அதற்குத் தமிழ்ச் சொல்லாக இந்த இழையில் இதுவரை நாலு பரிந்துரைகள் வந்திருக்கின்றன: தேடுதுணை, ஆவண வழிகாட்டி, ஆவண ஆற்றுப்படை, விளக்க அட்டவணை. பல்கலைக்கழக நூலகங்களின் எண்ணிம (டிஜிட்டல்) தொகுப்புகளை எப்படிப் பயன்படுத்துவது என்று கொடைக்கானலில் நாங்கள் சிலர் சேர்ந்து எழுதிவரும் மாணவர் கையேட்டில் நாலையும் போட்டுப் பார்த்தோம். எதுவும் சரியாக உட்காரவில்லை. நான் முன்வைக்கும் சொல் தொகுப்படைவு. காரணம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்க மதுரை மிஷன் 1834இல் தொடங்கியது. சமவெளியின் காய்ச்சலும் காலராவும் தாங்காமல் மிஷனரிகள் சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. அப்புறம்தான் கொடைக்கானல், 1845இல் சன்னிசைட், ஷெல்டன் என்று இரண்டு பங்களாக்கள் எழுந்தன. ஊர் வரலாறு எழுத உட்காருகிற எல்லாரும் இந்த இடத்தில்தான் பேனாவைத் திறக்கிறார்கள். (அதற்கு வெகு காலம் முன்பே பூம்பாறையும் வில்பட்டியும் வெள்ளகவியும் இருந்தன. அந்தச் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளலாம்.)

அந்த மிஷனரிகள் பாஸ்டனில் இருந்த தங்கள் வாரியத்துக்கு எழுதிய கடிதங்கள் இன்று ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கின்றன. நம் மாணவர் என்ன செய்கிறார்? நூலகத்தின் தேடுபெட்டியில் 'கொடைக்கானல்' என்று ஆங்கிலத்தில் தட்டுகிறார். எதிர்பார்த்த அளவுக்கு எதுவும் வருவதில்லை. 'இல்லை சார்' என்று வந்து நிற்கிறார்.

இல்லாமல் எங்கே போகும்? அவை கையால் எழுதிய கடிதங்கள். தேடுபெட்டி கடிதத்துக்குள் போய்ப் படிப்பதில்லை. கடிதத்தைப் பற்றி நூலகர் எழுதி வைத்திருப்பதைத்தான் படிக்கிறது. நூலகரோ ஆயிரக்கணக்கான கடிதங்களுக்கு ஒவ்வொன்றாகக் குறிப்பு எழுத முடியாது. எந்த மிஷனிலிருந்து வந்தது, எந்தக் காலத்தது என்று அடுக்கி, அந்த அடுக்கை விவரித்து வைத்திருக்கிறார். ஆகவே கொடைக்கானலைத் தேடுகிறவர் மதுரை மிஷன் என்கிற வாசலில்தான் நுழைய வேண்டும். உள்ளே போன பிறகும் பழனி மலை ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் வரும்: பல்னி, புல்னி, புல்னே.

அந்த அடுக்கின் விவரிப்புக்குத்தான் ஃபைண்டிங் எய்ட் என்று பெயர். தொகுப்பு யாருடையது, நூலகத்துக்கு எப்படி வந்தது, எத்தனை பெட்டி, எந்த வரிசை எதை ஒட்டி அமைந்தது, எதைப் பார்க்க அனுமதி வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். ஆங்கிலப் பெயரில் தேடல் இருக்கிறதே தவிர, அதன் உயிர் அடுக்குமுறையில் இருக்கிறது. நம் சொல் அதைத்தான் காட்ட வேண்டும் என்பது என் கட்சி.

> தேடுதுணை எளிமையாக, பார்த்ததும் புரிவதாக இருக்கிறதே?

பார்த்ததும் புரிகிறதுதான், ஆனால் தப்பாகப் புரிகிறது. கூகுளும் தேடுதுணை, தேடுபெட்டியும் தேடுதுணை. மாணவர் மறுபடியும் அந்தப் பெட்டிக்கே ஓடிவிடுவார்.

வழிகாட்டி பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். எங்கள் ஊர் பேருந்து நிலையத்தில் இறங்கிப் பாருங்கள்.

ஆற்றுப்படை அழகான யோசனை, மறுக்கவில்லை. பரிசில் பெற்றவன் பெறாதவனுக்குப் போகும் வழி சொல்வது என்ற பொருள் கச்சிதமாகவே பொருந்துகிறது. ஆனால் ஆற்றுப்படுத்தலை உளவியல்காரர்கள் கவுன்சிலிங்குக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். தவிர, நூலக முகப்பில் நின்று 'ஆற்றுப்படை இருக்கிறதா?' என்று கேட்டால் பத்துப்பாட்டு அலமாரியைக் காட்டுவார்கள்.

விளக்க அட்டவணைக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. சுவடி நூலகங்கள் ஒவ்வொரு சுவடிக்கும் தனித்தனியே பெயர், ஏடுகளின் எண்ணிக்கை, தொடக்கம், முடிவு கொடுத்து வெளியிடுவது அது. அதாவது உருப்படிக்கு உருப்படி விவரம். நாம் பேசுவது நேர் எதிரான வேலை: மேலிருந்து கீழே, தொகுப்பு, வரிசை, பெட்டி, உறை என்று இறங்கி, பல சமயம் உறையோடு நின்றுவிடுவது. ஃபைண்டிங் எய்டுகளைக் கணினியில் எழுதுவதற்கென்று 1998இல் முதல் பதிப்பு வெளிவந்த ஈஏடி என்ற குறியீட்டுத் தரமும் இந்தப் படிநிலையைத்தான் கணினிக்குச் சொல்கிறது.

இனி அடைவு. பழைய உரைகளில் 'அடைவே' என்றால் முறையே, வரிசைப்படி. சொல்லடைவு, பொருளடைவு, நூலடைவு எல்லாம் நமக்குப் பழகியவை. சந்தேகம் இருப்பவர்கள் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய எண்ணிம நூலகத்தில் தமிழ் லெக்சிகனையே திறந்து பார்க்கலாம். தொகுப்பின் அடைவு தொகுப்படைவு. 'தொகுப்படைவில் மூன்றாம் வரிசையைப் பார்' என்று வாக்கியத்தில் வைத்தாலும் இடறவில்லை.

> இலங்கையில் அடைவு என்றால் நகை அடகு. நூலகத்தில் எதை மீட்கப் போகிறோம்?

சிரித்துவிட்டேன். ஆனாலும் சொல்லடைவைப் பார்த்து யாரும் சங்கிலியைக் கழற்றவில்லையே. இங்கே பள்ளிகளில் அடைவுத் தேர்வும் இருக்கிறது. அதனோடும் குழப்பம் வரவில்லை. முன்னால் நிற்கும் சொல் பொருளைப் பிடித்து நிறுத்திவிடும். 'வைப்படைவு' என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். வைப்பும் அடைவும் சேர்ந்தால் நிஜமாகவே வங்கிதான்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தச் சொல் எண்ணிமத் தொகுப்புக்கு மட்டும் ஆனதாக இருக்கக் கூடாது. இதே மலையில் செண்பகனூரில் இயேசு சபையின் மதுரை மாகாண ஆவணக் காப்பகம் இருக்கிறது. அமெரிக்கர்களுடையது அல்லாத, தங்களுடைய பழைய கத்தோலிக்க மதுரை மிஷனுக்கு 1838இல் மீண்டும் வந்த இயேசு சபையினர் பிரெஞ்சுக்காரர்கள். ஒரே மலை, ஆனால் இரண்டு சபைகள், இரண்டு தலைமையிடங்கள். 'பழனி மலை' என்று தலைப்பிட்டு இரண்டு தரப்புத் தாள்களையும் ஒரே கட்டில் சேர்த்தால் யார் யாருக்குக் கணக்குச் சொன்னார்கள் என்பது அழிந்துபோகும். அதனால்தான் காப்பகத்தார் ஒருவருடைய தாள்களை இன்னொருவருடையதோடு கலப்பதில்லை. வந்த அடுக்கையும் முடிந்தவரை குலைப்பதில்லை. இந்த 'புரொவனன்ஸ்' கொள்கைக்கு வந்தவழி என்று வைத்திருக்கிறோம். பிறப்பிடம் என்றால் ஊரை மட்டும்தான் குறிக்கும்.

எல்லாத் தொகுப்புக்கும் இவ்வளவு பாடு வேண்டியதில்லை. கொடைக்கானல் வானாய்வகத்தில் 1904 முதல் எடுத்த சூரியப் படங்களை எண்ணிமமாக்கியிருக்கிறார்கள். அங்கே நாளும் நேரமும் எந்த ஒளியில் எடுத்தது என்பதும் தெரிந்தால் பெரும்பாலும் போதும். ஒரு பட்டியலே வேலையை முடித்துவிடும். கடிதம் அப்படி இல்லை. எதற்குப் பதில், எதோடு சேர்த்து அனுப்பியது என்று தெரியாவிட்டால் பாதி புரியாது.

ஆக, கையேட்டில் போடப்போவது: தொகுப்படைவு, வரிசை, பெட்டி, உறை, உருப்படி, வந்தவழி. அச்சுக்குப் போகுமுன் மறுப்புகளை அனுப்புங்கள். உருப்படி என்றால் சலவைக் கடைக் கணக்குபோல் இருக்கிறது என்று சொன்ன நண்பர் மாற்றுச் சொல் ஒன்றும் தந்துவிட்டுப் போகட்டும்.