மறு: 'ரிச் இன்டர்நெட் அப்ளிகேஷன்' – தமிழில் எப்படி?

> 'வளமான இணையப் பயன்பாடு' என்று போட்டுவிடலாமே. ரிச் என்றால் வளம்தானே, இதற்கு எதற்கு இத்தனை மடல்?

ஐயா, வணக்கம். நம் கட்டுரைக்காகத் தமிழ்ப்பெயர் தேடுவது, ஃப்ளாஷ் போன்ற கருவிகளில் எழுதி, வலைப்பக்கத்துக்குள்ளேயே கணினி மென்பொருள் மாதிரி ஓடவிட்ட நிரல்களுக்கு. இத்தனை மடல் தேவையில்லைதான். ஆனால் வளம் என்ற சொல்லை நாம் ஏற்கெனவே 'ரிசோர்ஸ்' என்பதற்குக் கொடுத்துவிட்டோமே. மனித வளம், கனிம வளம் என்று செய்தித்தாள் வரை ஊறிப்போன பொருள் அது. 'வளமான பயன்பாடு' என்று ஒரு மாணவர் படித்தால் நினைவகத்தை நிறையத் தின்கிற மென்பொருள் என்று எடுத்துக்கொள்வார் (ஃப்ளாஷைப் பொறுத்தவரை அது பெரிய தப்பும் இல்லை). பயன்பாடு என்பதும் இடிக்கிறது, 'இந்தப் பயன்பாட்டின் பயன்பாடு என்னவென்றால்' என்று எழுதவேண்டி வரும். செயலி என்றே வைத்துக்கொள்வோம். நுண்செயலியோடு (கணினிக்குள் இருக்கும் மைக்ரோபிராசசர் சில்லு) குழம்பும் என்று பத்து வருடம் முன்பு சண்டை போட்டவர்களில் நானும் ஒருவன், ஆனால் கைப்பேசி வந்து அந்தச் சண்டையை முடித்துவைத்துவிட்டது.

சொல்லுக்குப் போகும் முன் ஒன்று. இந்தப் பெயர் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததல்ல, கடையில் பிறந்தது. 2002 மார்ச்சில் ஃப்ளாஷின் எம்எக்ஸ் பதிப்பு வந்த சமயம், அதைச் செய்த மேக்ரோமீடியா நிறுவனத்தின் ஜெரமி அலேர் எழுதிய அறிக்கையில்தான் இது அடிபட ஆரம்பித்தது. அதுவரை ஆடுகிற விளம்பரமும் விளையாட்டும் செய்யத்தான் ஃப்ளாஷ் என்று நினைத்திருந்த நிரலர்களிடம், 'இதில் அலுவலக மென்பொருளும் எழுதலாம், வாருங்கள்' என்று சொல்ல ஒரு பெயர் வேண்டியிருந்தது. ரிச் என்று அவர்கள் சொன்னது அழகை மட்டுமல்ல. ஒரு பொத்தானை அழுத்தினால் பக்கம் முழுக்க வெள்ளையாகி, வழங்கியிலிருந்து (சர்வர்) மறுபடி முதலிலிருந்து இறங்கும் பாருங்கள், அது இல்லாமல் வேலையில் ஒரு பங்கைப் பயனரின் கணினியிலேயே முடித்துவிடுவது, அதுதான் சரக்கு.

அப்புறம் எல்லோரும் அதே பலகையை மாட்டிக்கொண்டார்கள். 2004-இல் ஃப்ளாஷில் ஓடும் செயலிகளை எழுத ஃப்ளெக்ஸ் என்ற கருவி வந்தது, அடுத்த ஆண்டு மேக்ரோமீடியாவையே அடோபி வாங்கிவிட்டது. 2007-இல் ஃப்ளாஷுக்குப் போட்டியாக மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட். அதே 2007 மே மாதம் ஜாவா மொழியை உருவாக்கிய சன் நிறுவனம் தன் பங்குக்கு ஜாவாஎஃப்எக்ஸ் அறிவித்தது, முதல் பதிப்பு வர மறுவருடம் டிசம்பர் ஆகிவிட்டது. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பயனரைப் பிடிக்கிற போட்டியைவிட நிரலரைப் பிடிக்கிற போட்டிதான் பெரிதாகத் தெரியும். மைக்ரோசாஃப்டின் சி ஷார்ப் மொழி தெரிந்தவர் வெளியே போய்விடாமல் இருக்க சில்வர்லைட், ஜாவா தெரிந்தவருக்கு ஜாவாஎஃப்எக்ஸ் (அதிலும் பழகின ஜாவாவைக் கொடுக்காமல் புதிதாக ஒரு மொழியைத் திணித்து, 2011-இல் இரண்டாம் பதிப்பில் அதைத் தூக்கிப்போட்டார்கள்). அடோபிக்கு அப்படிச் சொந்த ஊர்க்காரர்கள் குறைவு, இருந்தவர்களில் நிறையப் பேர் வடிவமைப்பாளர்கள். அதனால் ஃப்ளெக்ஸைத் திறமூலமாக (யாரும் நிரலைப் பார்த்து மாற்றலாம் என்று) விட்டு வெளியாட்களை அழைத்தார்கள்.

நானும் ஃப்ளெக்ஸில் நாலு வருடம் பிழைத்தவன். ஊரில் 'ஃப்ளெக்ஸ் வேலை' என்று சொல்லிவிட்டு, மாமா மகள் கல்யாணத்துக்கு எத்தனை அடி பேனர் அடித்துத் தருவாய் என்று கேட்டபோதுதான் பெயர் வைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்தது! தமிழ் எழுத்துருவை உள்ளே பொதித்தால் கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் நிற்கும், 2008-இல் ஃப்ளாஷ் பிளேயர் 10 புதிய எழுத்துப் பொறியோடு வரும்வரை அந்த அவதி. அதே வரியைச் சாதாரண எச்டிஎம்எல் பக்கத்தில் ஒட்டினால் ஒழுங்காகத் தெரியும். இந்தச் சொல்லுக்குத் தமிழ் தேடும்போது எனக்கு அந்தக் கொம்புதான் நினைவுக்கு வருகிறது. பக்கத்துக்குள் இருந்தாலும் அது பக்கத்தைச் சேர்ந்ததாக இல்லை.

> பொலிவு, செழுமை இரண்டில் ஒன்றை எடுக்கலாம்.

பொலிவு வேண்டாம், முகப் பொலிவு என்று களிம்பு விளம்பரக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பொலிவுச் செயலி என்றால் புகைப்படத்தில் பருவை மறைக்கிற செயலி என்றுதான் நினைப்பார்கள். செழுமை நல்ல சொல், ஆனால் 'செழுஞ்செயலி' என்று வகுப்பில் நாலு தடவை சொல்லிப் பாருங்கள்.

என் பரிந்துரை செறிவு. ரேஷன் கடையில் செறிவூட்டப்பட்ட அரிசி கொடுத்தார்களே, அதனால் இந்தச் சொல் இப்போது பாட்டிக்கும் தெரியும். அதில் நடப்பதைக் கவனியுங்கள்: மாவையும் சத்துகளையும் சேர்த்து அரிசி மாதிரியே தனியாக மணி செய்து, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்று கலக்கிறார்கள். பார்க்க அரிசி, ஆனால் வயலில் விளைந்த மணி அல்ல, சிலர் பொறுக்கி எறிந்தும் விடுகிறார்கள். ஃப்ளாஷும் சில்வர்லைட்டும் வலைப்பக்கத்தில் செய்தது இதைத்தான். உலாவியில் செருகி (ப்ளகின் என்கிற துணை மென்பொருள்) போட்டால்தான் தெரியும், போடாவிட்டால் பக்கத்தில் ஒரு ஓட்டை.

வேதியியலில் செறிவு கரைசலுக்கான சொல் என்று மறுப்பு வரும் என்று தெரியும். வரட்டும், வேதியியல் பாடமும் வலை வரலாறும் ஒரே வாக்கியத்தில் சந்திக்கப் போவதில்லை.

> இணையமா, வலையா?

இங்கே இணையம்தான் சரி. ஃப்ளாஷ் செயலிகளை ஓட்டுகிற அடோபி ஏர் 2008-இல் உலாவிக்கு வெளியே, கணினியில் நிறுவுகிற மென்பொருளாகவே வந்தது, அடுத்த வருடம் சில்வர்லைட் 3-உம் வெளியே வந்தது. அதனால் முழுப்பெயர் 'செறிவூட்டிய இணையச் செயலி'. கட்டுரையில் முதல் முறை அப்படி எழுதிவிட்டு அடுத்தடுத்த இடங்களில் 'செறிசெயலி' என்று சுருக்கலாம். ஒற்று போடவேண்டாம், வினைத்தொகை. முக்காலத்துக்கும் பொருந்துகிற தொகை, பொருளுக்கோ இறந்தகாலம் மட்டும்தான் மிச்சம். ஃப்ளாஷ் 2020 டிசம்பர் 31 வரை, சில்வர்லைட் 2021 அக்டோபர் வரை.

> அஜாக்ஸும் செறிசெயலிக்குள் வருமா?

இதில்தான் எனக்கு உறுதியான கருத்து உண்டு: வராது. 2005 பிப்ரவரியில் வடிவமைப்பாளர் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட், ஜாவாஸ்கிரிப்டை வைத்துப் பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் புதுப்பிக்கிற முறைக்கு அஜாக்ஸ் என்று பெயர் வைத்தபோது (குளிக்கும்போது தோன்றியதாம்) உள்ளே இருந்த துண்டுகள் எல்லாம் பழையவை. பக்கத்தை மறுபடி ஏற்றாமல் வழங்கியோடு பேசுகிற துண்டு மைக்ரோசாஃப்ட் 1999-இல் தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 உலாவியில் வைத்தது. ஆக, எட்டு வருடம் கழித்துத் தான் கொண்டுவந்த சில்வர்லைட்டுக்குத் தானே குழி தோண்டி வைத்திருந்தது. ஜிமெயிலும் கூகுள் மேப்ஸும் அதை வைத்துச் செய்துகாட்டியதும், செருகி எதுவும் வேண்டாம், தெரிந்த ஜாவாஸ்கிரிப்டே போதும் என்று நிரலர்கள் நகர ஆரம்பித்தார்கள். ஐபோனில் ஃப்ளாஷுக்கு இடமில்லை என்று 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் எழுதியது கடைசி அடிகளில் ஒன்று, முதல் அடி அஜாக்ஸ்தான். அஜாக்ஸில் எழுதியவற்றையும் இப்போதைய ரியாக்ட் வகையறா ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களில் எழுதுகிறவற்றையும் வெறுமனே 'வலைச்செயலி' என்றே எழுதுவோம். வெளியிலிருந்து எதையும் ஊட்டாதபோது செறிவூட்டல் என்று சொல்ல எதுவும் இல்லை.

டெவலப்பருக்கு நிரலரா உருவாக்குநரா என்பதைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம், இங்கே ஆரம்பித்தால் முடியாது. மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்று மாலை கட்டுரையில் மாற்றிவிடுகிறேன்.