இன்டேக் போர்ட் தேய்க்கிறேன், எங்கே நிறுத்துவது?

பழைய நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். ஹெட்டையும் (இன்ஜினின் மேல்பகுதி, காற்று உள்ளே போகும் வழியான இன்டேக் போர்ட் இதில்தான்), அதற்குக் காற்றைக் கொண்டுவரும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டையும் கழற்றி மேஜையில் வைத்திருக்கிறேன், இரண்டும் அலுமினியம். இரண்டுக்கும் நடுவில் வரும் புது கேஸ்கெட்டை வைத்து நீல மையின் மேல் கோடு கீறிப் பார்த்தால், ஹெட் வாயின் விளிம்பு ஒரு பக்கம் சுமார் 2 மில்லிமீட்டர் துருத்திக்கொண்டு நிற்கிறது, விரலை விட்டால் படி மாதிரித் தட்டுகிறது. உள்ளே வரும் காற்று நேராக அதில்தானே முட்டும்?

சரி என்று டை கிரைண்டரில் (கையில் பிடிக்கும் சுழல் கருவி) கார்பைடு பர் என்கிற பல் வைத்த வெட்டு முனையை மாட்டி முதல் போர்ட்டில் படியை எடுத்தேன். பாதியிலேயே அலுமினியம் பர்ரின் பற்களில் அப்பிக்கொண்டு வெட்டாமல் வழுக்கியது, ஒருமுறை துள்ளி கேஸ்கெட் உட்காரும் முகத்தில் நகம் தட்டுகிற அளவுக்கு ஒரு கோடு போட்டுவிட்டது. என் அவசரம்தான். இப்போது மெழுகு தேய்த்துத் தேய்த்து மெதுவாகப் போகிறேன்.

அந்தக் கோட்டை, தட்டையான கண்ணாடிமேல் உப்புத்தாள் ஒட்டித் தேய்த்தால் போதுமா, இல்லை மெஷினில் கொடுத்து முகம் எடுக்கத்தான் வேண்டுமா? அப்புறம் வால்வு பக்கம் உள்ள அந்தக் குட்டி வளைவு, அதற்குப் பின்னால் தண்ணீர் ஓடும் அறை இருப்பதால் கை வைக்கவே பயமாக இருக்கிறது. சுவரின் கனத்தை வீட்டிலேயே எப்படி அளக்கிறீர்கள்?

நண்பர் ஒருவர் கண்ணாடி மாதிரிப் பளபளக்க வேண்டும் என்கிறார். இன்ஜெக்டர் போர்ட்டுக்குள்ளேயே தெளிப்பதால், 80 நம்பர் தாளோடு சொரசொரப்பாக விட்டால்தான் பெட்ரோல் சுவரில் வழியாது என்பது என் எண்ணம். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், மீதி மூன்று போர்ட்டையும் அதுவரை தொடமாட்டேன்.