புதுப்பிப்பு: குன்னூர் தங்கைக்கு லேப்டாப் வாங்கியாச்சு

பி.காம் சேரும் தங்கைக்கு கேமிங் லேப்டாப்பா, விலை குறைந்த சாதாரண லேப்டாப்பா என்று முன்பு கேட்டிருந்தேன். சாதாரணமானதையே எடுத்துவிட்டோம்: 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, எடை ஒன்றரைக் கிலோ.

முடிவு செய்ய வைத்தது கரண்ட்தான். மழைக்காலத்தில் கம்பிமேல் மரம் விழுந்தால் எப்போது திரும்ப வரும் என்று சொல்ல முடியாது. கேமிங் லேப்டாப்பின் தனி கிராபிக்ஸ் சிப் பேட்டரியைச் சீக்கிரம் குடித்துவிடும். அதன் சார்ஜரே செங்கல் கனம். நாங்கள் வாங்கியது 65 வாட் டைப்-சி சார்ஜரில் ஏறுகிறது, இன்வர்ட்டருக்கும் பாரமில்லை. அப்புறம், பையை மாட்டிக்கொண்டு தினமும் மேடேறிப் போகிறவளுக்கு எடை பெரிய விஷயம்.

கணக்கு எழுதும் மென்பொருளான டேலியும் எக்செலும் தாராளமாக ஓடுகின்றன. அனிமேஷன், முப்பரிமாண வடிவமைப்பு படிப்பவர் என்றால் கேமிங் லேப்டாப்பைத்தான் சொல்வேன். ரேமைப் பிறகு கூட்ட முடியுமா என்று கேட்டவருக்கு: கூடுதல் ரேம் போட காலி ஸ்லாட் ஒன்று இருக்கிறது, பார்த்தே வாங்கினோம்.