கோ-வொர்க்கிங் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும்: விபத்து, தீ, வைஃபை இதெல்லாம் யார் பொறுப்பு?

சிறுகுழு (கேள்வி):
வணக்கம். நாங்கள் சிறிய மென்பொருள் குழு. கோ-வொர்க்கிங் அலுவலகம் ஒன்றில் தனி அறை எடுத்திருக்கிறோம். வரவேற்பு, கூட்ட அறை, பேன்ட்ரி, வைஃபை, பிரிண்டர் எல்லாம் மற்ற நிறுவனங்களோடு பொது. ஒப்பந்தம் புதுப்பிக்க வந்திருக்கிறது, கையெழுத்துப் போடத் தயக்கமாக இருக்கிறது.

எங்களைப் பார்க்க வந்த வாடிக்கையாளர் ஒருவர் பேன்ட்ரி வாசலில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் அடிபட்டுவிட்டது. "உங்கள் விருந்தாளி, உங்கள் பொறுப்பு" என்கிறது நிர்வாகம். புது ஒப்பந்தத்திலும் "உறுப்பினர் அல்லது அவருடைய விருந்தினர் தொடர்பாக எழும் எல்லாக் கோரிக்கைகளுக்கும் உறுப்பினரே ஈடு செய்ய வேண்டும்" என்று ஒரு வரி இருக்கிறது. அப்புறம், பக்கத்து அறைக்காரர்கள் மின் ஸ்கூட்டர் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து அவசர வழிக் கதவை ஒட்டி சார்ஜ் போடுகிறார்கள். வைஃபை பாஸ்வேர்டு எல்லோருக்கும் ஒன்றேதான், சுவரில் ஒட்டியிருக்கிறது. எதை முதலில் கவனிப்பது?

தீப்பாதுகாப்பு:
பேட்டரியை. மற்றதெல்லாம் நாளைக்குப் பேசலாம், இது இன்றைக்கே.

லித்தியம்-அயன் பேட்டரியில் ஒரு செல் பழுதாகிச் சூடேறினால், அந்தச் சூடு அடுத்த செல்லைப் பற்றவைக்கும், அது அதற்கடுத்ததை. சில நொடிகளில் நச்சுப்புகை பரவிவிடும். வழக்கமான பவுடர் அல்லது கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் வெளியே தெரியும் நெருப்பை அமர்த்தலாம். உள்ளே நடக்கும் வேதிவினையை நிறுத்தாது. அணைந்தது போலத் தெரிந்து மறுபடி எரியும். ஆகவே ஊழியர்கள் அதனுடன் போராடவே கூடாது, உடனே வெளியேற வேண்டும். ஆனால் உங்கள் இடத்தில் வெளியேறும் வழியிலேயே அது இருக்கிறது!

இன்றே படம் எடுத்து, தேதியுடன் நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் கட்டட உரிமையாளருக்கும், தேவைப்பட்டால் தீயணைப்புத் துறைக்கும் எழுதுங்கள். பக்கத்து அறைக்காரரிடமும் நேரில் சொல்லுங்கள், அவர்கள் உயிரும் சேர்ந்ததுதானே. கையோடு இதையும் பாருங்கள்: தானாக மூட வேண்டிய தீக்கதவுக்கு யாராவது முட்டுக் கொடுத்திருக்கிறார்களா, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தொங்குகிறதா. தீ ஒத்திகை நடந்தால் உங்கள் குழுவில் யார் ஆள் கணக்கு எடுப்பது என்றும் முடிவு செய்துகொள்ளுங்கள். பல நிறுவனங்கள் இருக்கும் மாடியில், அடுத்தவர் எண்ணுவார் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

ஒப்பந்தம் படிப்பவர்:
விருந்தினருக்காக ஈடு செய்யும் அந்த வரியில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். "தொடர்பாக" என்ற சொல் மிக அகலமானது. துடைக்காமல் விட்டது நிர்வாகத்தின் ஆளாக இருந்தாலும், விழுந்தவர் உங்கள் விருந்தாளி என்பதால் பணம் நீங்கள் கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு இடம் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறதோ அவருக்கு அதைப் பாதுகாப்பாக வைக்கும் கடமை உண்டு என்பது பெரும்பாலான நாடுகளின் சட்டத்தில் உள்ளதுதான். பேன்ட்ரி தரையைப் பராமரிப்பது அவர்கள். எனவே "எங்கள் கவனக்குறைவால் ஏற்பட்ட அளவுக்கு மட்டும்" என்று மாற்றக் கேளுங்கள். அவர்கள் கவனக்குறைவுக்கு அவர்கள் ஈடு தரும் வரியும் வேண்டும்.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. பொதுவாகப் பொறுப்புக் காப்பீடு, சட்டப்படி உங்கள்மேல் விழும் பொறுப்பைத்தான் ஏற்கும். ஒப்பந்தத்தில் நீங்களாக ஏற்றுக்கொண்ட கூடுதல் பொறுப்பைப் பல பாலிசிகள் விலக்கிவிடுகின்றன. அந்த வரியை இன்ஷூரன்ஸ் முகவரிடம் அனுப்பி, இதற்கு கவர் உண்டா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். கோ-வொர்க்கிங் நடத்துபவரின் காப்பீடு உங்கள் லேப்டாப்பைக் காப்பாற்றும் என்றும் நம்ப வேண்டாம், அது பெரும்பாலும் கட்டடத்துக்கும் அவர்கள் பொருளுக்கும்தான்.

விழுந்த சம்பவத்துக்கு: நேரம், இடம், பார்த்தவர்கள், எச்சரிக்கைப் பலகை இருந்ததா என நடந்ததை மட்டும் எழுதிவையுங்கள், யார் குற்றம் என்று எழுதாதீர்கள். சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். பழைய பதிவின்மேல் புதியது தானாக ஏறிவிடும்.

இன்னொன்று. பெரும்பாலும் உங்களிடம் இருப்பது குத்தகை அல்ல, பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. நடத்துபவரே கட்டடத்தை இன்னொருவரிடம் குத்தகைக்கு எடுத்திருப்பார், அது முறிந்தால் உங்கள் இடமும் போகும். கோ-வொர்க்கிங் இடங்களை நடத்தும் வீவொர்க் நிறுவனம் 2023 நவம்பரில் திவால் பாதுகாப்பு கோரியபோது பல கட்டடங்களின் குத்தகையை விட்டது. முன்பணம் எப்போது, எப்படித் திரும்பும் என்பதைத் தெளிவாக எழுதி வாங்குங்கள்.

வலைப்பின்னல்:
வைஃபை பற்றி. டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் பொதுப் பாஸ்வேர்டு தெரிந்த ஒருவர், உங்கள் கருவி இணையும் கணத்தைப் பதிவு செய்துவிட்டால், அந்த வைஃபை குறியாக்கத்தைப் பிரிக்க முடியும். 2018-இல் வந்த டபிள்யூபிஏ3 இந்த ஓட்டையை அடைத்தது. இப்போது இணையதளங்கள் பெரும்பாலும் தனிக் குறியாக்கத்தோடுதான் வருகின்றன, அதனால் பதற வேண்டாம். என் கவலை வேறு: ஒரே வலையில் இருக்கும் அடுத்தவர் கணினி உங்கள் பகிர்வுக் கோப்புறையைப் பார்க்க முடிகிறதா? உங்கள் அறைக்குத் தனி வலைப்பகுதி கேளுங்கள், அதுவரை விபிஎன் (உங்கள் இணையப் போக்குவரத்தைக் குறியாக்கி அனுப்பும் வழி) பயன்படுத்துங்கள். பிரிண்டரில் கார்டு தட்டினால் மட்டும் தாள் வரும் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

இது சட்ட விஷயமும்கூட. அறிவுசார் சொத்து பற்றிய உலக வர்த்தக அமைப்பின் ட்ரிப்ஸ் ஒப்பந்தம், 39-ஆவது பிரிவு: வணிக ரகசியத்துக்குப் பாதுகாப்பு வேண்டுமானால், அதை ரகசியமாக வைக்க நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும். பொது பிரிண்டர் தட்டில் வாடிக்கையாளர் கோப்பு கிடந்தால் அதை எப்படி நிரூபிப்பீர்கள்?

சிறுகுழு:
எல்லோருக்கும் மிக்க நன்றி. படத்தோடு எழுதிய அன்று மாலையே பேட்டரியை அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். எங்கே சார்ஜ் போடலாம் என்று விதி மட்டும் இன்னும் வரவில்லை. சிசிடிவி பதிவை வைத்திருப்பதாகப் பதில் வந்தது. ஈடு செய்யும் வரியைத் திருத்த "தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டும்" என்கிறார்கள். அதுவரை பழைய ஒப்பந்தத்திலேயே தொடரலாமா?

ஒப்பந்தம் படிப்பவர்:
தொடரலாம், ஆனால் பழைய விதிகளே பொருந்தும் என்று எழுத்தில் வாங்கிய பிறகு. சில ஒப்பந்தங்களில், காலம் முடிந்தும் இடத்தைப் பயன்படுத்தினால் புது விதிகளை ஏற்றதாகக் கொள்ளப்படும் என்று ஒரு வரி இருக்கும். அதைத் தேடிப் பார்த்துவிட்டு இங்கே சொல்லுங்கள்.