சிலுவைப் போருக்குப் போனவர்களை எப்படிச் சொல்வது? திங்கட்கிழமைக்குள் சொல் வேண்டும்

அன்பர்களுக்கு வணக்கம்.

கல்லூரி முதலாண்டு வரலாற்றுக்காக ஒரு பாடத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன், திங்கள் காலை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். 'குரூசேடு' பற்றிய பாடம், அதாவது இடைக்காலத்தில் ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் முஸ்லிம்கள் கையிலிருந்த ஜெருசலேமைப் பிடிக்கப் போன போர்கள். சிலுவைப் போர் என்று பள்ளிப் புத்தகத்திலிருந்தே வழங்குகிறது, அதை நான் தொடப்போவதில்லை. சிக்கல் அதைச் சுற்றியிருக்கும் சொற்களில்தான்.

போனவர்களைச் 'சிலுவைப் போராளிகள்' என்று போட்டிருந்தேன். படித்துப் பார்த்த மாணவி, "இவங்க எதுக்காக மேடம் போராடினாங்க?" என்று கேட்டாள். போராளி என்றாலே உரிமைக்காக நிற்பவர் என்று காதில் விழுகிறது. 1096இல் கிளம்பிய கூட்டங்களில் சில, ஜெருசலேமைக் கண்ணால் பார்க்கும் முன்பே ரைன் கரை ஊர்களான வோர்ம்ஸிலும் மைன்ஸிலும் யூதர்களைக் கொன்று குவித்தன. அவர்களையும் போராளி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. 'வீரர்' என்றால் அது நேரடியாகவே புகழ்ச்சி.

அடுத்தது, நேர்ந்துகொண்டவர் துணியில் சிலுவை வெட்டி உடுப்பில் தைத்துக்கொள்வார், அந்தச் சடங்குக்கு ஒரு சொல். 'சிலுவையை எடுத்தல்' என்று எழுதினால் பைபிள் பழக்கம் உள்ளவர்கள் பாடுகளை ஏற்பது என்று எடுத்துக்கொள்வார்கள். மூன்றாவது, போனவர்களுக்குத் திருச்சபை அறிவித்த 'இண்டல்ஜென்ஸ்' என்ற சலுகை. பாவமன்னிப்பு என்றே போட்டுவிடலாமா?

———

அம்மா,

போர் என்பதைத் தொடப்போவதில்லை என்றீர்கள், அதைத்தான் முதலில் தொட வேண்டும். 1095 நவம்பரில் கிளெர்மோன்டில் போப் இரண்டாம் அர்பன் அறைகூவல் விடுத்தாரே, அன்று குரூசேடு என்ற சொல்லே கிடையாது. இலத்தீனில் 'இத்தெர்' என்றார்கள், வழிப்பயணம். 'பெரெக்ரினாத்தியோ' என்றார்கள், திருத்தலப் பயணம். போனவருக்குப் பிறகு வந்த பெயர் 'குருகேசிக்னாத்துசு', அதாவது சிலுவைக் குறி பெற்றவர். இந்தப் பெயர்கள் எதிலும் போர் இல்லை! போனவர் தம்மை யாத்திரிகராக நினைத்தார், கையில் வாள் இருந்தது என்பது வேறு. பயணத்துக்கு நம் பழஞ்சொல் 'செலவு', ஆகவே சிலுவைச் செலவு என்பதே சரி.

சடங்குக்கு நம்மிடம் ஆயத்தமாகவே மரபு இருக்கிறது. வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை. பூவைப் பார்த்தாலே தெரிந்துவிடும், ஆநிரை கவரப் போகிறானா, மண் கொள்ளப் போகிறானா, மதிலை வளைக்கப் போகிறானா என்று. நோக்கத்தை உடம்பில் காட்டிக்கொண்டு கிளம்புவது என்பது இதுதானே. எனவே 'சிலுவை சூடுதல்', போனவர் 'சிலுவைசூடி'. பிறைசூடி, முடிசூடி போல இலக்கணச் சுத்தமான சொல். புகழ்ச்சியும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை.

இன்னொன்று, சிலுவை அயற்சொல் என்று சிலர் தயங்குவார்கள். தேவையில்லை. 'சில்' என்றால் துண்டு, மரத்துண்டு இரண்டைக் குறுக்கே சேர்த்தது சிலுவை.

———

ஐயா, சிலுவைசூடி அழகான சொல், அதில் எனக்கு மறுப்பில்லை. 'சில்' அடியை மட்டும் விட்டுவிடுங்கள். சிரியாக் மொழியில் 'ஸ்லீவா', அரபியில் 'ஸலீப்', இரண்டும் உடன்பிறந்த சொற்கள், நம் சிலுவை அந்த வீட்டுப் பிள்ளை. கடல் வழியாக நம் பக்கம் வந்து சேர்ந்தது. அதனால் அதற்கு ஒரு குறைவும் இல்லை, எத்தனையோ தலைமுறையாக நம் வாயில் புழங்கும் சொல்.

நான் எழுத வந்தது எதிர்ப்பக்கம் பற்றி. அன்றைய அரபு ஆசிரியர்கள் இதைச் சிலுவைப் போர் என்று எழுதவில்லை. கிளெர்மோன்ட் கூட்டம் நடந்த அதே 1095இல் பிறந்த உசாமா இப்னு முன்கித் வாழ்நாள் முழுக்க இவர்களோடு சண்டையும் போட்டார், நட்பும் வைத்திருந்தார். அவர் எழுத்தில் இவர்கள் 'இஃப்ரஞ்ச்', பிராங்குகள், அதாவது மேற்கு ஐரோப்பியர். சிலுவையை வைத்துச் சொல்லும் 'அல்ஹுரூப் அஸ்ஸலீபிய்யா' 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வரலாற்றைப் பார்த்துப் புழக்கத்துக்கு வந்தது. அந்த இஃப்ரஞ்ச் பாரசீகத்தில் ஃபரங்கி ஆகி, நம்மிடம் பறங்கி ஆனது! பறங்கிமலை என்று சொல்லும்போதெல்லாம் அந்தச் சொல்லின் பேரனைத்தான் கூப்பிடுகிறோம். 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலி தன்னைப் பறங்கி என்று சொல்லாதீர்கள் என்று எவ்வளவு பாடுபட்டார் என்று நினைத்துப் பாருங்கள். ஆகவே முஸ்லிம் ஆசிரியர்களை மேற்கோள் காட்டும் இடங்களிலாவது 'பறங்கியர்' என்று போடலாம், அவர்கள் எழுதியதற்கு அதுதான் நேர்.

பத்திரிகைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2001 செப்டம்பர் 16 அன்று ஜார்ஜ் புஷ் பயங்கரவாதத்துக்கு எதிரான போரை 'குரூசேடு' என்றார். ஆங்கிலத்தில் அந்தச் சொல் தேய்ந்து, எந்தத் தீவிர இயக்கத்துக்கும் வருகிறது. அரபியில் பெயர்த்தால் உள்ளே இருக்கும் சிலுவை வெளியே வந்துவிடுகிறது, கேட்டவர்கள் கொதித்தார்கள். தமிழிலும் சிலுவை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'ஊழலுக்கு எதிரான சிலுவைப் போர்' என்று எழுதாதீர்கள், அறப்போர் என்று எழுதுங்கள், அல்லது இயக்கம் என்று விடுங்கள். மொழிபெயர்ப்பில் கை வழுக்கினால் அது ஒரு மதத்தார் மேல் போய் விழுகிறது.

———

வணக்கம். பறங்கியர் வேண்டாம். இலங்கையில் அது இன்றைக்கும் வாழும் ஒரு சமூகத்தின் பெயர், எங்கள் பிள்ளைகள் படித்தால் கொழும்புப் பறங்கியர் எப்போது ஜெருசலேம் போனவை என்று கேட்பார்கள். பிராங்கியர் என்றே எழுதுங்கோ. மற்றது, பறங்கியா பரங்கியா என்று தொடங்கினால் இந்த இழை பூசணிக்காயில்தான் போய் முடியும்.

———

அம்மாவுக்கு,

கத்தோலிக்கக் குருமடத்தில் சில ஆண்டுகள் படித்தவன் என்ற முறையில் மூன்றாவது கேள்விக்கு. பாவமன்னிப்பு என்று தயவுசெய்து போடாதீர்கள். பாவமன்னிப்பு ஒப்புரவு அருட்சாதனத்தில், அதாவது பாவத்தை அறிக்கையிடும்போது, குருவிடம் கிடைப்பது. மன்னிப்புக் கிடைத்த பிறகும் செய்து தீர்க்க வேண்டிய பரிகாரம் மிச்சம் இருக்கும், அதிலிருந்து விடுவிப்பதுதான் இது. கிளெர்மோன்டின் தீர்மானமே அப்படித்தான்: புகழுக்கோ பணத்துக்கோ அல்லாமல் பக்தியால் மட்டும் ஜெருசலேம் திருச்சபையை விடுவிக்கப் போகிறவருக்கு அந்தப் பயணமே முழுப் பரிகாரமாக எண்ணப்படும். கோயில்களில் 'பலன்' என்கிறோம், முழுமையானதற்குப் 'பரிபூரண பலன்'. பொதுவாசகருக்குப் பலன் என்று மட்டும் போட்டால் புரியாது, முதல்முறை வரும்போது 'பரிகார விலக்கு' என்று விளக்கிவிடுங்கள்.

சூடுதலை என்னால் ஏற்க முடியவில்லை. சூடுவது தலையில், மகிழ்ச்சியில். இது தோளில் தைத்தது, நேர்ச்சை. 'சிலுவை தரித்தல்' என்பது எங்கள் காதுக்கு இயல்பாக இருக்கும்.

இவர்கள் எல்லோரும் எருசலேம்தான் போனார்கள் என்ற எண்ணமும் சொல்லில் வந்துவிடக்கூடாது. 1204இல் கான்ஸ்டான்டிநோபிளைச் சூறையாடியது சிலுவை தைத்துக்கொண்ட கிறிஸ்தவர்கள், சூறையாடப்பட்டதும் கிறிஸ்தவர்கள். அதற்காகத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 2001இல் ஏதென்சில் இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். 1209இல் பெசியே ஊரில் சிலுவை தைத்துக்கொண்டவர்கள் கொன்றது தெற்குப் பிரான்சுக்காரர்களை. 'புனிதப் போர்' என்று எழுதும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு ஊர்களும் நினைவுக்கு வரும், அந்தச் சொல்லைப் பாடத்தில் எங்கும் விடாதீர்கள்.

———

தரித்தல் வடமொழித் 'தர'. அணிதல் இருக்க அது எதற்கு?

———

அணிதல் சரிப்படாது ஐயா. 'சிலுவை அணிந்தவர்' என்றால் கழுத்தில் சங்கிலி போட்டவர் என்றுதான் என் வகுப்பில் எல்லோரும் நினைப்பார்கள், கேட்டும் பார்த்துவிட்டேன். சூடுதலையும் கேட்டேன். இரண்டு பேருக்குப் பிடித்தது, மற்றவர்கள் தலையில் எப்படி வைப்பது என்றார்கள். செலவு என்றதும் காசுக் கணக்கு என்று எடுத்துக்கொண்டார்கள், அதை என்னால் சமாளிக்க முடியாது.

ஞாயிறு இரவாகிவிட்டது, இப்படி முடித்திருக்கிறேன். சிலுவைப் போர் அப்படியே இருக்கும், ஆனால் முதல் பக்கத்திலேயே போனவர்கள் இதைப் பயணம் என்றும் யாத்திரை என்றும் சொன்னார்கள் என்று ஒரு பத்தி சேர்த்துவிட்டேன், அது ஐயாவின் கொடை. சடங்குக்குச் 'சிலுவை தரித்தல்'. போனவர்கள் 'சிலுவைப் படையினர்', அரபு மேற்கோள்களில் 'பிராங்கியர்'. இண்டல்ஜென்சுக்குப் 'பரிகார விலக்கு', அடைப்புக்குள் பலன். கடலுக்கு அப்பால் அவர்கள் அமைத்த எடெஸ்ஸா, அந்தியோக்கியா, திரிப்போலி, ஜெருசலேம் என்ற நான்கு அரசுகளையும் சேர்த்துப் பிரெஞ்சில் 'ஊத்ரமேர்' என்பார்கள், அதற்கு யாரையும் கேட்காமல் 'அக்கரைச் சீமை' என்று போட்டுவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

———

அக்கரைச் சீமை மிக நன்று. ஆனால் அம்மா, 'படையினர்' என்ற சொல்லுக்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். 1096இல் துறவி பீட்டரின் பின்னால் போனவர்களில் உழவர்கள் இருந்தார்கள், பெண்கள் இருந்தார்கள், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் சின்ன ஆசியாவில் துருக்கியரிடம் சிக்கிப் பெரும்பாலோர் மாண்டார்கள். அவர்கள் எந்தப் படை? வோர்ம்ஸில் கொன்றவனுக்கும் வழியில் செத்த கிழவிக்கும் பொதுவாக இருந்தது தோளில் தைத்த அந்தத் துணி ஒன்றுதான். அதனால்தான் சொல்லைத் துணியிலிருந்து எடுக்கச் சொன்னேன். சூடுதல் பிடிக்கவில்லையென்றால் தரித்தலையே வைத்துக்கொள்ளுங்கள், வடமொழி என்று இனி வாதாட மாட்டேன், 'சிலுவை தரித்தோர்' என்றாவது போடுங்கள். அச்சகம் காலை எத்தனை மணிக்குத் திறக்கும்?