மருத்துவமனை வாசலில் வாய் சொன்ன பெயர்: நாத்திகருக்கு ஐயம் வருவதுண்டா?

நொய்யல் கரையான் கேட்டது:

பத்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கடவுள் நம்பிக்கை இல்லாமலே வாழ்ந்து வருகிறேன். யார் மீதும் கோபப்பட்டுக் கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. படித்ததையும் பார்த்ததையும் சேர்த்து வைத்து யோசித்தபோது நம்புவதற்குப் போதிய காரணம் இல்லை என்று பட்டது, அவ்வளவுதான். சென்ற மாதம் என் தாயாருக்கு மாரடைப்பு வந்து, கோவையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். ஸ்டென்ட் வைப்பதற்காக அவரை உள்ளே கொண்டுசென்ற பிறகு, வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் வாய், என்னைக் கேட்காமலேயே, "முருகா, முருகா" என்று முணுமுணுத்துக் கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த தங்கை திரும்பிப் பார்த்தாள், சிரிக்கவில்லை. மஞ்சள் துணித் துண்டு ஒன்றில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து முடிந்து, "பழனிக்கு நேந்துக்கோங்கண்ணா" என்று என் கையில் கொடுத்தாள். நானும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

தாயார் நலமாக வீடு திரும்பிவிட்டார். அந்த முடிச்சு மட்டும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதை அவிழ்க்கவும் கை வரவில்லை, பூஜை அறையில் கொண்டுபோய் வைக்கவும் மனம் வரவில்லை. மதத்தை விட்டவர்களுக்கு உள்ளுக்குள், "ஒருவேளை தவறு செய்துவிட்டோமோ" என்ற ஐயமோ கலக்கமோ இருக்கிறதா? மேடையில் சொல்லும் பதில் எனக்கு வேண்டாம்.

கருஞ்சட்டை வீட்டுப் பிள்ளை:

தோழர், நான் பெரியார் தொண்டர் வீட்டில் பிறந்தவன். திருச்சிப் பக்கம் ஒரு கிராமம். மற்ற வீடுகளில் சாமி படம் தொங்கும் இடத்தில் எங்கள் வீட்டில் கடிகாரம் தொங்கியது. ஆகவே நெருக்கடி வந்தால் என் வாயில் எந்தச் சாமியின் பெயரும் வராது; "ஐயோ, அம்மா" என்பதோடு நின்றுவிடும். இதை வைத்து என் நாத்திகம் உங்களுடையதைவிட உறுதியானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஐந்து வயதில் பழகியதை நாக்கு சொல்கிறது.

என் பெற்றோர் 1964இல் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள். புரோகிதர் இல்லை, தீ வளர்க்கவில்லை. மாலை மாற்றிக்கொண்டு உறுதிமொழி சொன்னார்கள். சடங்கில்லாமல் நடந்த அத்தகைய திருமணம் ஒன்று செல்லாது என்று 1950களிலேயே சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அண்ணா முதலமைச்சரானபின், 1967இல், அதற்கு முன் நடந்த திருமணங்களையும் சேர்த்துச் செல்லுபடியாக்கும் சட்டத் திருத்தம் நிறைவேறும் வரை என் அம்மா நிம்மதியாக இருக்கவில்லை. நரகத்தைப் பற்றி அவர் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. தன் பிள்ளைக்குச் சொத்தில் பங்கு உண்டா என்றுதான் கவலைப்பட்டார்.

என்னை அசைத்தது 2009இல் அப்பாவின் மறைவு. சடங்கு எதுவும் கூடாது, உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று அவர் எழுதி வைத்திருந்தார்; அப்படியே செய்தோம். வண்டி புறப்படும் நேரத்தில், அப்பாவின் அக்கா, எண்பது வயதைக் கடந்த என் அத்தை, முந்தானையில் ஒரு பிடி அரிசியை முடிந்து எடுத்து வந்து, "என் தம்பிக்கு வாய்க்கரிசி மட்டும் போட்டுக்கறேன் சாமி" என்று என்னிடம் கேட்டார். கொள்கையைச் சொல்லி மறுத்துவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் அரிசியை மறுபடியும் முடிந்துகொண்டு போய்த் திண்ணையில் உட்கார்ந்தார். அப்பாவின் ஆன்மா அலையுமோ என்ற எண்ணம் எனக்கு ஒரு நொடிகூட வந்ததில்லை. ஆனால் அந்த அத்தையின் முகம் பல இரவுகள் என்னைத் தூங்க விடவில்லை. அந்த அரிசி யாருக்கு என்ன கேடு செய்திருக்கும்?

தாமிரபரணி:

உங்கள் இருவருடைய கலக்கமும் என்னுடையதைவிட மென்மையானது என்று சொன்னால் கோபிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். நான் நெல்லைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவள். ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கியவள். சாமிகுத்தத்துக்குப் பரிகாரம் உண்டு. நேர்ந்ததைத் தாமதமாகச் செலுத்தினாலும் முருகன் ஏற்றுக்கொள்வார். நித்திய நரகத்தில் அப்படி ஒரு வசதி கிடையாது. 24 வயதில் சபைக்குப் போவதை நிறுத்திய பிறகு, ஏறக்குறைய ஆறு ஆண்டுகள், நடுராத்திரியில் விழிப்பு வந்தால் அவியாத அக்கினிதான் நினைவுக்கு வரும். பகலில் நம்பாத ஒன்றுக்கு இரவில் பயந்து, போர்வைக்குள் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் ஒரு பந்தயக் கணக்குப் போட்டார்: நம்பி, கடவுள் இல்லாமற்போனால் இழப்பு சொற்பம், நம்பாமல், அவர் இருந்துவிட்டால் இழப்புக்கு எல்லையே இல்லை. எங்கள் போதகர் பாஸ்கலின் பெயரைச் சொல்லாமலே இந்தக் கணக்கைக் காட்டித்தான் என்னைத் திருப்பப் பார்த்தார். எனக்கு அதில் ஓட்டை தெரிந்தது அலுவலகத்தில்தான். என் இஸ்லாமியத் தோழி ஒருநாள் பேச்சுவாக்கில், தன் சிறு வயதில் ஜஹன்னத்தை நினைத்து எப்படி நடுங்கினாள் என்று சொன்னாள். அந்த நரகத்துக்காக நான் என் வாழ்நாளில் ஒரு நிமிடத் தூக்கத்தைக்கூட இழந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பாஸ்கலின் கணக்குப்படி அதற்கும் நான் பயந்திருக்க வேண்டும் அல்லவா? எதைச் சொல்லி என்னை வளர்த்தார்களோ, அதற்கு மட்டுமே பயந்திருக்கிறேன். அன்றைக்கே அச்சம் போய்விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாடல்களைப் பாடிக்கொண்டு கீதபவனி எங்கள் தெருவுக்குள் வரும்போது மட்டும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன். சேர்ந்து பாடுகையில் பெண்கள் தாழ்ந்த சுருதியில் பாடும் ஆல்ட்டோ குரல் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இதை ஐயம் என்று எண்ணவில்லை; ஏக்கம் என்றால் ஒப்புக்கொள்வேன்.

வைகறை:

நான் கடவுளை நம்புகிறவன். ஐயம் உங்களுக்கு மட்டுமே உரிய சொத்தன்று. என் மகள் காய்ச்சலில் கிடந்த பத்து நாட்களும், கும்பிட்ட கையை இறக்குவதற்குள், "கேட்கிறவர் ஒருவர் இருக்கிறாரா" என்ற கேள்வி வந்துகொண்டே இருந்தது. எங்களுக்கு ஐயம் வந்தால் மீண்டும் அதே சந்நிதியில் போய் நிற்கிறோம். நீங்கள் எங்கே போய் நிற்பீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

பழைய வரலாற்று ஆசிரியர்:

வைகறை அவர்களே, இதே கேள்வியைச் சிறையிலிருந்த பகத்சிங் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். 1930இல் அவர் எழுதிய 'நான் ஏன் நாத்திகன்' என்ற கட்டுரையை, சில ஆண்டுகளுக்குள்ளேயே ப. ஜீவானந்தம் தமிழில் தந்தார். 1927இல் முதன்முறை கைதானபோது, பிரார்த்தனை செய்யும்படி போலீஸ் அதிகாரிகள் அவரை வற்புறுத்தினார்கள். அமைதியான நாட்களில் மட்டும்தான் தான் நாத்திகனா, இடர் வரும்போதும் கொள்கையில் நிற்க முடியுமா என்று அவர் நெடுநேரம் யோசித்திருக்கிறார். பிறகு பிரார்த்திப்பதில்லை என்று முடிவு செய்தார். கடவுளிடம் மனிதனுக்குப் பெரும் ஆறுதல் கிடைக்கும் என்பதையும், அது இல்லாமல் சொந்தக் காலில் நிற்பது எளிதன்று என்பதையும் அவர் மறைக்கவில்லை. இந்த ஒப்புதலுக்காகவே அக்கட்டுரையை நான் மதிக்கிறேன். 1931 மார்ச் 23இல் லாகூரில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

டேவிட் ஹியூம் என்ற ஸ்காட்லாந்துத் தத்துவவாதியின் கதை இதற்கு நேர்மாறானது. 1776இல் அவர் மரணப் படுக்கையில் இருந்தபோது, இல்லாமற்போவதை எண்ணிக் கலக்கம் இல்லையா என்று பாஸ்வெல் என்பவர் போய்க் கேட்டார். பிறப்பதற்கு முன் இல்லாமல் இருந்ததை எண்ணி எவ்வளவு கலங்குகிறேனோ அவ்வளவுதான் என்ற பொருள்பட ஹியூம் பதில் சொன்னார். கலங்கிப்போய்த் திரும்பியவர் நம்பிக்கையாளரான பாஸ்வெல்தான்! எல்லாரும் ஹியூமாக இருக்க முடியாது. நானும் அப்படி இல்லை. நொய்யல் கரையான், உங்கள் வாய் முருகனை அழைத்ததில் வெட்கப்பட எதுவும் இல்லை. அன்றிரவு தாயார் பிழைத்தபின், அதற்கு முருகனே காரணம் என்று நீங்கள் முடிவுகட்டினீர்களா என்பதை மட்டும் உங்களிடமே கேட்டுப் பாருங்கள்.

நொய்யல் கரையான்:

கேட்டுப் பார்த்தேன், ஐயா. அப்படித் தோன்றவில்லை, அடைப்பை நீக்கிய மருத்துவரின் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஆனால் வாய்க்கரிசியைப் பற்றிப் படித்த பிறகு, முடிச்சை இழுப்பறையில் வைத்திருக்கவும் முடியவில்லை. நேற்று அதை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இதை நீ முடிஞ்சதா, அவ முடிஞ்சதா?" என்று கேட்டார். தங்கை என்றேன். "அப்ப அவளே செலுத்தட்டும். நீ வண்டி ஓட்டிட்டு வந்தாப் போதும்" என்றார்.

அடுத்த மாதம் பழனிக்குப் போகிறோம். அம்மா படியேறக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருப்பதால் வின்ச்சில்தான் மேலே போக வேண்டும். அவர்களோடு நானும் ஏறுவதா, அடிவாரத்திலேயே வண்டியில் உட்கார்ந்திருப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.