பழக்கிய ஆட்கள் வெளியேறிவிடும்போது தொழிற்பயிற்சிக்குச் செலவிடுவது எப்படிக் கட்டுப்படியாகும்?

கேள்வி: செங்கல்வரிசை

வணக்கம். கொத்து, கம்பி கட்டுதல், பூச்சு ஆகிய வேலைகளைச் சொந்த ஆட்களை வைத்துச் செய்யும் சிறிய கட்டுமான நிறுவனம் ஒன்றை நான் நடத்தி வருகிறேன். மின்வேலையையும் குழாய் வேலையையும் உள் ஒப்பந்தமாகக் கொடுத்துவிடுவதால் அவற்றைப் பற்றி இங்கே கேட்கவில்லை. எங்களிடம் உள்ள தேர்ந்த கொத்தனார்களில் பெரும்பாலோர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்டார்கள். அவர்கள் இருக்கும்போதே இளையவர்கள் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக, முன் அனுபவமே இல்லாதவர்களைச் சேர்த்துத் தளத்திலேயே பழக்கத் தொடங்கினோம்.

இதில் இரண்டு கட்டங்களில் ஆட்களை இழக்கிறோம். சேர்ந்த சில வாரங்களிலேயே ஒரு பகுதியினர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறார்கள். தாக்குப்பிடித்தவர்களோ, மூலை பிசகாமல் சுவர் எழுப்பும் அளவுக்குக் கை படிந்ததும், சற்றுக் கூடுதலாகக் கூலி தரும் வேறு ஒப்பந்தக்காரரிடம் போய்விடுகிறார்கள். இனிப் பழக்க வேண்டாம், மேஸ்திரி மூலமாகத் தேர்ந்த ஆட்களையே கூடுதல் கூலிக்கு எடுத்துக்கொள்வோம் என்பது என் கூட்டாளியின் முடிவு. எல்லா ஒப்பந்தக்காரர்களும் அப்படியே நினைத்தால் அந்தத் தேர்ந்த ஆட்கள் எங்கிருந்து வருவார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் அவரிடம் எடுத்துக்காட்டக் கணக்கு எதுவும் என்னிடம் இல்லை.

ஆட்களை எப்படித் தேர்வு செய்வது, பயிற்சியை எப்படி அமைப்பது, பயிற்சிக்குப் பின் குறிப்பிட்ட காலம் எங்களிடமே வேலை செய்வதாக எழுதி வாங்குவது பலன் தருமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: தூக்குக்குண்டு (தொழிற்பயிற்சி மையத்தில் கற்பிப்பவர்)

நீங்கள் இரண்டு சிக்கல்களாகச் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான் என்பது என் கருத்து. தொழில் கற்றுத் தருவதாக அழைத்துவந்து கலவை சுமக்க விட்டுவிட்டார்கள் என்று எண்ணி ஒருவர் தொடக்கத்திலேயே போகிறார். இதற்கு மேல் இங்கே கற்க ஏதும் இல்லை என்று எண்ணி மற்றவர் பின்னால் போகிறார். அடுத்த கட்டம் எது, அது எப்போது வரும் என்பது இருவருக்குமே தெரியவில்லை.

தேர்வைப் பொறுத்தவரை, நேர்காணலை நம்புவதைவிடக் கூலி கொடுத்து ஓரிரு நாள் தளத்தில் வேலை பார்க்கச் செய்வது மேல். வெயில், தூசி, உயரம், ஓயாமல் குனிந்து நிமிர்வது ஆகிய எதையும் மறைக்காமல் காட்டிவிட வேண்டும். அதன் பிறகும் வருகிறேன் என்பவரைச் சேர்த்துக்கொள்ளலாம். உடல் வலுவை நாம் அளவுக்கு மீறிப் பார்க்கிறோம். அது சில மாதங்களில் தானாக வந்துவிடும். அளவு நாடாவைப் பிழையின்றிப் படிக்கிறாரா, புரியாததைத் தயங்காமல் கேட்கிறாரா, வேலை முடிந்ததும் கரண்டியைக் கழுவி வைக்கிறாரா என்பவற்றையே நான் கவனிப்பேன்.

தேர்ந்தவர் பக்கத்தில் நிற்க வைத்தால் தானே கற்றுக்கொள்வார் என்ற நம்பிக்கைதான் பயிற்சியில் பெரிய இடறல். ஃபிராங்க் கில்பிரெத் 1885இல் அமெரிக்காவில் கொத்து வேலை கற்கச் சேர்ந்தபோது, கற்றுத் தந்த கொத்தனார்கள் ஆளுக்கொரு விதமாகக் கல் வைப்பதையும், அதே கொத்தனார் விரைந்து கட்டும்போது ஒரு விதமாகவும் நிதானமாகக் கட்டும்போது வேறு விதமாகவும் கற்பிக்கும்போது மூன்றாவது விதமாகவும் கையை அசைப்பதையும் கவனித்தார். பின்னாளில் ஒரு செங்கல்லை வைக்கத் தேவையான அசைவுகளை 18இலிருந்து 5ஆக அவர் குறைத்ததும், கல்லையும் கலவையையும் குனியாமல் எடுக்கும்படி சாரத்தை மாற்றியமைத்ததும் அந்தக் கவனிப்பின் விளைவுகள். உங்கள் கொத்தனார்களும் தாங்கள் உண்மையில் செய்வதைச் சொல்லித் தருவதில்லை, செய்வதாக நினைப்பதைச் சொல்லித் தருகிறார்கள். ஆகவே முதலில் பயிற்சி தேவைப்படுபவர், கற்பிக்கப்போகும் கொத்தனார்.

அதற்கான முறை பழையது. முதல் உலகப் போரின்போது அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களுக்கு அவசரமாக ஆட்களைப் பழக்க வேண்டியிருந்த காலத்தில் சார்லஸ் ஆலன் வகுத்த நான்கு படிகள், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொழிற்சாலை மேற்பார்வையாளர்களுக்குப் பரவலாகக் கற்பிக்கப்பட்டன. கற்பவரைத் தயார்ப்படுத்துவது, விளக்கியபடி செய்துகாட்டுவது, அவரைச் செய்யவைத்துப் பார்ப்பது, தனியே விட்டபின் இடையிடையே வந்து சரிபார்ப்பது என்பவை அவை. நம் தளங்களில் நடப்பது இரண்டாவது படி மட்டுமே. அதுவும் விளக்கம் இல்லாமல்.

விளக்கம் வீண் என்று நினைக்காதீர்கள். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (கம்பியைப் பலகையிலிருந்து உயர்த்தி நிறுத்தும் சிறு கட்டை) வை என்று மட்டும் கேட்டுப் பழகியவர், கட்டை தீர்ந்துபோனால் ஒரு ஜல்லியைச் செருகிவிட்டு நகர்ந்துவிடுவார். கான்கிரீட்டின் காரத்தன்மைதான் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது, கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் மேலுறையின் கனம் குறைந்தால் காற்றும் ஈரமும் விரைவில் கம்பியை எட்டிவிடும், துரு பருத்துக் கான்கிரீட்டையே பிளந்துவிடும் என்று அறிந்தவர் அப்படிச் செய்யமாட்டார். கலவை இறுக்கமாக இருக்கிறது என்று மேலும் தண்ணீர் ஊற்றும் பழக்கமும் இத்தகையதே. தண்ணீர் கூடுதலாகவும் அளவாகவும் சேர்த்த இரண்டு கட்டிகளை வார்த்து, 28 நாள் கழித்து உடைத்துக் காட்டினால் அதற்குமேல் உபதேசம் தேவைப்படாது.

கை பழகுவதற்கு, சிமென்ட் சேர்க்காத சுண்ணாம்பு மணல் கலவையில் பயிற்சிச் சுவர் எழுப்பச் செய்யுங்கள். அது விரைவில் கெட்டிப்படாததால் சுவரைப் பிரித்து, கற்களைச் சுரண்டி மீண்டும் பயன்படுத்தலாம். வாடிக்கையாளரின் சுவரில் தப்புப் பண்ணிக் கற்கும் அவமானம் கற்பவருக்கும் இல்லை, இடித்துக் கட்டும் செலவு உங்களுக்கும் இல்லை.

கடைசியாக ஒன்று. கற்பிக்கும் கொத்தனாருக்குக் கட்டிய அளவுக்குத் தக்கவாறுதான் கூலி என்றால், மேலே சொன்ன எதுவும் நடக்காது. விளக்கம் சொல்லும் ஒவ்வொரு நிமிடமும் அவருடைய கூலியிலிருந்து கழிகிறது. பயிற்சிக் காலத்தில் அவருக்கு நாட்கூலியும், அதன்மேல் கற்பிப்பதற்கான தனித்தொகையும் கொடுங்கள்.

பதில்: மூலைமட்டம் (நிறுவனக் கணக்குகளைக் கவனிப்பவர்)

உங்கள் கூட்டாளியின் வாதத்துக்குப் பொருளியலில் இடம் உண்டு. எந்த நிறுவனத்திலும் பயன்படக்கூடிய பொதுத்திறனைக் கற்பிக்கும் செலவை முதலாளி ஏற்க மாட்டார், குறைந்த கூலிக்கு உடன்படுவதன் மூலம் கற்பவரே அதைத் தாங்குவார் என்று பொருளியலாளர் கேரி பெக்கர் 1960களில் விளக்கினார். கொத்து வேலை அத்தகைய பொதுத்திறன்தான். ஒவ்வொரு நிறுவனத்தின் நல்லெண்ணத்தையும் நம்பியிருந்தால் தீராத இந்தச் சிக்கலுக்கு, துறை முழுவதிடமும் பணம் திரட்டிச் சில நாடுகள் வழி கண்டன. பிரிட்டனில் 1964ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சிச் சட்டத்தின் கீழ் அமைந்த கட்டுமானத் தொழிற்பயிற்சி வாரியம், நிறுவனங்கள் வழங்கும் சம்பளத் தொகையை அடிப்படையாகக் கொண்டு தீர்வை வசூலித்து, பயிற்சி அளிப்போருக்கு அதை மானியமாகத் தருகிறது. ஜெர்மனியிலும் கட்டுமான நிறுவனங்கள் ஒரு பொது நிதிக்குப் பங்கு செலுத்துகின்றன. பயிற்சி பெறுபவர்களை வைத்திருக்கும் நிறுவனத்துக்குச் செலவின் ஒரு பகுதி அதிலிருந்து திரும்பி வருகிறது. பழக்காதவரும் பணம் கட்ட வேண்டியிருப்பதால், பழகிய ஆளை இழுத்துக்கொள்வதில் உள்ள ஆதாயம் குறைந்துவிடுகிறது.

அத்தகைய நிதி இல்லாத இடத்தில், உங்களைப் போன்ற சிறிய ஒப்பந்தக்காரர்கள் சிலர் சேர்ந்து பயிற்சி பெறுவோரின் குழு ஒன்றைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். ஒரு தளத்தில் பூச்சு வேலை இல்லாத காலத்தில் இன்னொரு தளத்தில் இருக்கும் என்பதால், கற்பவருக்கு எல்லா வேலையும் கிடைக்கும், செலவும் பிரியும்.

எழுதி வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது எந்த அளவுக்குச் செல்லும் என்பது அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. செல்லுபடியாகும் என்றே வைத்துக்கொண்டாலும், மனமில்லாமல் நிற்பவரின் வேலைத் தரத்தை எந்தத் தாளாலும் உயர்த்த முடியாது. இங்கிலாந்தில் 1563ஆம் ஆண்டுச் சட்டம் ஏழாண்டுத் தொழிற்பயிற்சியைக் கட்டாயமாக்கியது. ஆனால் அக்காலத்துப் பயிற்சி ஒப்பந்தங்கள் தொழிலைக் கற்றுத்தரவும் உணவும் உறைவிடமும் அளிக்கவும் ஆசானையும் கட்டுப்படுத்தின. இன்று எழுதப்படும் தாள்களில் அந்தப் பாதியைக் காணோம்.

கூட்டாளிக்குக் காட்ட வேண்டிய கணக்கு சிக்கலானதன்று. பயிற்சி பெறுபவரின் கூலி, கற்பிப்பவர் இழந்த வேலைநேரம், வீணான பொருள் ஆகியவை ஒரு பக்கம். பயிற்சி பெறுபவர் செய்துமுடித்த வேலைக்கு வெளி ஆளிடம் கொடுத்திருக்க வேண்டிய கூலி, மேஸ்திரிக்குக் கொடுக்காமல் மிஞ்சிய கமிஷன், இடித்துத் திரும்பக் கட்டாததால் தப்பிய செலவு, கொத்தனார் வராமல் தளம் முடங்கிய நாட்களின் இழப்பு ஆகியவை மறுபக்கம். கடைசி இனத்தைப் பெரும்பாலோர் எழுதுவதே இல்லை. எழுதிப் பார்த்தால் வாதம் மாறக்கூடும்.

பதில்: கரண்டி (கொத்தனார்)

போனவர்களில் ஒருவனாக இதை எழுதுகிறேன். என்னைப் பழக்கிய நிறுவனத்தை விட்டு நான் விலகியதற்குக் கூலி ஒரு காரணம்தான். வாசல் நிலை வைக்கவும் மூலை எடுக்கவும் கற்ற பிறகும் சம்பளப் பட்டியலில் என் பெயர் உதவியாளர் வரிசையிலேயே இருந்தது. எப்போது மாறும் என்று கேட்டால் ‘பார்க்கலாம்’ என்றார்கள். அடுத்த தளத்தில் முதல் நாளே கொத்தனார் என்று எழுதினார்கள்.

அமெரிக்காவில் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த பதிவுபெற்ற தொழிற்பயிற்சியில், திறன் கூடக் கூடக் கூலி எப்படி உயரும் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். மணிக்கணக்கில் நடக்கும் திட்டமானால் வேலைவழிப் பயிற்சி குறைந்தது 2,000 மணி நேரம் இருக்க வேண்டும். அதோடு ஆண்டுக்கு 144 மணி நேர வகுப்பறைப் பாடமும் பரிந்துரைக்கப்படுகிறது. அந்த எண்களை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எந்த வேலையைத் தனியே செய்துகாட்டினால் எந்தக் கூலி என்பதைச் சுவரில் ஒட்டிவையுங்கள். ஆளைப் பார்த்து மாறாத ஒரு விதி இருந்தால் காத்திருக்க மனம் வரும்.

இன்னொன்று. ஆள் கிடைக்கவில்லை என்பவர்கள் பலருடைய தளங்களிலேயே, ஆண்டுக்கணக்கில் கல்லும் கலவையும் சுமந்து, சுவர் எழும்புவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். வெயிலும் தூசியும் அவர்களை விரட்டவில்லை. அவர்கள் கையில் கரண்டியைக் கொடுத்துப் பார்த்தவர் எத்தனை பேர்?

பதில்: நீர்மட்டம் (தளப் பொறியாளர்)

தூக்குக்குண்டு சொல்வது பயிற்சி மையத்துக்குப் பொருந்தும். முடிக்க வேண்டிய நாள் நெருங்கும் தளத்தில் பயிற்சிச் சுவர் எழுப்ப இடமும் கிடையாது, நேரமும் கிடையாது. முழுக் கொத்தனாரை உருவாக்கும் முயற்சியை விட்டுவிட்டு ஒரே வேலையைத் திருத்தமாகச் செய்யக் கற்றுக்கொடுப்பதே நடைமுறைக்கு ஏற்றது என்பது என் எண்ணம். மெல்லிய பசை இணைப்பில் பெரிய பிளாக் வைப்பதை மட்டும் கற்றவர் குறுகிய காலத்திலேயே பயன்படத் தொடங்குகிறார். அவர் வளைவு கட்டத் தெரியாதவராக இருந்தால் எனக்கு என்ன குறை?

பதில்: தூக்குக்குண்டு

உங்களுக்குக் குறை இல்லாமலிருக்கலாம். பிளாக் வேலை இல்லாத நாளில் அவருக்குக் குறை உண்டு. விரைவாகப் பயன்படத் தொடங்க வேண்டும் என்ற உங்கள் தேவையை நான் மறுக்கவில்லை. ஜெர்மானியக் கட்டுமானப் பயிற்சி இரண்டுக்கும் இடம் வைத்திருக்கிறது: முதலாண்டில் பல தொழில்களின் அடிப்படை, பின்னர் ஒரு தொழிலில் ஆழம், இரண்டாம் ஆண்டின் முடிவில் ஒரு தகுதி, விரும்புபவருக்கு மூன்றாம் ஆண்டில் முழுமையான கொத்தனார் தகுதி. ஒரு வேலையில் தொடங்குவதில் தவறில்லை, அடுத்த படிக்கு வழி திறந்திருந்தால். தரமும் வேகமும் ஒன்றாக வர வேண்டும் என்று தொடக்கத்திலேயே நெருக்குவதுதான் கெடுக்கிறது. முதலில் ரசமட்டம் ஒத்துக்கொள்ளும் சுவர், அதன் பிறகு வேகம்.

கேள்வி கேட்டவர்: செங்கல்வரிசை

அனைவருக்கும் நன்றி. எழுதி வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். கூலிப் படிநிலையை எழுதி ஒட்டுவதையும், கற்பிக்கும் கொத்தனாரை நாட்கூலிக்கு மாற்றுவதையும் அடுத்து தொடங்கும் தளத்திலிருந்தே செய்யலாம் என்று கூட்டாளி ஒப்புக்கொண்டார். மூலைமட்டம் சொன்ன கணக்கில், தளம் முடங்கிய நாட்களை எழுதியதும் அவர் சற்று நேரம் பேசவில்லை. எங்களிடம் கலவை சுமக்கும் இரண்டு பெண்கள் பயிற்சிக்கு வர விருப்பம் தெரிவித்திருக்கிறார்கள்.

ஒரு ஐயம் மட்டும் மீதம். ஒருவர் அடுத்த படிக்குத் தகுதி பெற்றாரா என்பதைக் கற்பித்த கொத்தனாரே முடிவு செய்யலாமா?

பதில்: தூக்குக்குண்டு

வேண்டாம். கற்பித்தவருக்குப் பாசமோ கோபமோ இருக்கும். செய்துகாட்ட வேண்டிய வேலையையும் ஏற்கத்தக்க பிசகின் எல்லையையும் மில்லிமீட்டரில் முன்பே எழுதிவைத்து, வேறு தளத்துக் கொத்தனார் ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். அளவுகளை ஒரு வேலைக் குறிப்பேட்டில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். குறிப்பேடு பயிற்சி பெறுபவரின் உடைமை. அவர் வேறிடம் போனாலும் அதைக் கொண்டுபோகலாம் என்று சேரும் நாளிலேயே சொல்லிவிடுங்கள்.